காய்கனி உணவும் புற்றுநோய்த் தடுப்பும்: ஒரு கருத்தின் வரலாறு

1. தோற்றுவாய்

மலை நிற்கும், ஞாயிறு இயங்கும், தீச் சுடும் என்பன 'செய்யும்' என்னும் வாய்பாட்டிற்கு இலக்கணம் பயிற்றுவோர் காட்டும் எடுத்துக்காட்டுக்கள். மூன்று காலத்தும் மாறாது நிகழும் இயற்கையை இவ்வாய்பாட்டாற் கூறுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் உணர்த்தும் நெறி. இந்நெறியை மனத்திற் கொண்டு இக்காலத் தமிழ் நாளிதழ்களையும் மருத்துவக் குறிப்பு நூல்களையும் புரட்டின் வியப்புத் தோன்றும். 'மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும்', 'முட்டைக்கோசு புற்றுநோயை அழிக்கும்' என்னும் தொடர்கள் அவற்றில் மலிந்துள்ளன. தீச் சுடுவதில் எத்துணை ஐயமின்மை உண்டோ அத்துணை ஐயமின்மை மஞ்சள் தடுப்பதிலும் உண்டு என்று வினைமுற்றின் வடிவமே படிப்போரை எண்ணச் செய்கின்றது.

இத்தொடர்களுக்கு மூலமான ஆராய்ச்சி உரைகளில் 'தடுக்கும்' என்ற துணிபு காணப்படுவதில்லை. 'தடுக்கக் கூடும்' என்ற அளவிலேயே அறிவியலார் நிற்கின்றனர். 'கூடும்' என்பதும் 'செய்யும்' வாய்பாட்டுச் சொல்லே எனினும், அது நிகழ்ச்சியைத் துணிந்து கூறாது நிகழ்தற்குரிய தகுதியை மட்டும் கூறுவது. மொழிபெயர்ப்பில் இத்துணை வினை உதிர்ந்து விடுகின்றது. உதிர்வதால் விளையும் கேடு இலக்கணப் பிழையளவில் நின்றுவிடுவதன்று.

தாவர உணவு புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கக் கூடும் என்ற கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வெச் சான்றுகளால் வலுப்பெற்றது, எங்கே இடறியது, இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவம் நம் துறையன்று. ஆயினும் சான்றின் வன்மை மென்மைகளைச் சீர்தூக்கிச் சொல்லைத் தேர்தல் தமிழாராய்ச்சியாளர்க்கும் உரிய கடனே ஆதலின் இம்முயற்சியில் இறங்கினோம்.

2. பண்டையோர் கண்ட முரண்

கிரேக்க மருத்துவர் இந்நோயை நண்டு என்னும் பொருள்படும் 'கார்க்கினோசு' என்ற சொல்லாற் குறித்தனர். அதனையே கி.பி. முதல் நூற்றாண்டினரான செல்சசு இலத்தீனில் 'கான்சர்' எனப் பெயர்த்தார். தமிழில் இந்நோய் புற்றின் பெயரால் வழங்குகின்றது. இரு மொழியினரும் வடிவம் கண்டே பெயரிட்டனர் எனலாம். நண்டின் கால்களைப் போலப் பரவும் நரம்புகளை அவர் கண்டனர்; மண்ணடியில் வளர்ந்து மேலே வெடித்தெழும் புற்றைத் தமிழர் நினைந்தனர்.

உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு கூறுவதும் பழமையானதே. உரோமானியராகிய கேட்டோ (கி.மு. 234–149) தம் வேளாண்மை நூலில் முட்டைக்கோசினைப் பலபடப் போற்றியுள்ளார். மார்பிலே தோன்றும் புற்றுப் புண்ணுக்கு இக்கோசிலையை அரைத்துக் கட்டினால் ஆறிவிடும் என்பது அவர் கூற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான காலன் என்னும் மருத்துவரோ, கரும்பித்தம் மிகுவதே புற்றுநோய்க்குக் காரணம் என்று கொண்டு, அப்பித்தத்தைப் பெருக்கும் உணவுகளின் வரிசையிலே அதே முட்டைக்கோசினை வைத்தார். அவரையினத்தைச் சேர்ந்த ஒருவகைப் பயறும் அவ்வரிசையில் இடம்பெற்றது.

ஓரிலை, அதனை ஒருவர் மருந்து என்றார், மற்றொருவர் நோய் விளைப்பது என்றார். இருவரும் ஐயமின்றியே கூறினர். இருவரிடமும் எண்ணிக்கை இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தற்கு உரிய மற்றொரு குழுவும் இல்லை. பிற்கால ஆராய்ச்சி கேட்டோவின் பக்கம் சிறிது சாய்ந்ததாகத் தோன்றலாம். ஆயினும் அவர் சொன்னது பூச்சு மருந்து, இன்றையோர் ஆராய்வது உணவு. ஆதலின் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நம் பழநூல்களை ஆராயுங்காலும் இவ்வெச்சரிக்கை வேண்டற்பாலது.

3. லாம்பு என்னும் மருத்துவர்

புலாலை முற்றும் நீக்கித் தாவர உணவால் புற்றுநோயை வெல்லலாம் என்று ஒரு நூலே எழுதியவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவராகிய வில்லியம் லாம்பு (1765–1847). இவர் 1806-ஆம் ஆண்டு முதல் தாமே மரக்கறி உணவினரானார். காய்கனி உணவும் வாலை வடித்த நீரும் மட்டுமே கொடுத்துத் தாம் நடத்திய மருத்துவத்தின் விவரங்களை 1809-இல் நூலாக வெளியிட்டார். இவர்பால் மருத்துவம் பெற்ற ஜான் பிராங்கு நியூட்டன் 1811-இல் இயற்கை வாழ்வைப் போற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூல் வழியாக இக்கொள்கை கவிஞர் செல்லியையும் பற்றிக்கொண்டது. அவரும் 1813-இல் மரக்கறி உணவை ஆதரித்து எழுதினார். ஒரு மருத்துவக் கொள்கை இவ்வாறு மருத்துவமனையை விட்டு இலக்கிய உலகினுட் புகுந்தது.

லாம்பு நேர்மையாளர்; தாம் கண்டதை நோயாளர் ஒவ்வொருவராக விரித்தெழுதியவர். அவர் நூலின் குறை நேர்மையிலன்று, முறையிலேயே உள்ளது. அவ்வுணவை உண்ணாத நோயாளர் எத்துணைக் காலம் வாழ்ந்தனர் என்பதை அவர் உடன்வைத்துக் காட்டவில்லை. நுண்ணோக்கியாற் கட்டியின் தன்மையை உறுதி செய்யும் வழக்கமும் அக்காலத்தில் இல்லை. ஆதலின் அவர் கண்டவற்றுள் எது புற்றுநோய், எது வேறு கட்டி என்பதை நாம் இன்று அறியவியலாது. ஒரே சுவடியை வைத்துக்கொண்டு பாடம் துணிபவர் நிலையும் இத்தகையதே.

4. எண்ணிக்கை புகுதல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆராய்ச்சி புதுநெறியிற் சென்றது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிற் புள்ளியியல் வல்லுநராய் இருந்த பிரெடரிக்கு ஹாஃப்மன், உலக நாடுகளின் புற்றுநோய் இறப்புக் கணக்கைத் தொகுத்து 1915-இல் பெருநூலாக்கினார். நாட்டுக்கு நாடு இந்நோய் வேறுபடுவது அந்நூலால் தெளிவாயிற்று. 1937-இல் புற்றுநோயும் உணவும் பற்றித் தனியே ஒரு நூல் எழுதி, மிகையுணவே பெருங்காரணம் என்று அவர் கருத்துரைத்தார்.

இவரினும் நுட்பமான முறையைக் கையாண்டோர் பெர்சி ஸ்டாக்சு, மேரி கார்ன் என்னும் இருவர். 450 புற்றுநோயாளரையும் அவர்க்கு இணையாக அதே எண்ணிக்கையில் பிற நோயாளரையும் எடுத்துக்கொண்டு, அவர்தம் பழக்கவழக்கம், இல்வாழ்க்கை, உணவு, குடும்ப வரலாறு ஆகியவற்றை வினவித் தொகுத்து 1933-இல் இங்கிலாந்தில் வெளியிட்டனர். புற்றுநோயாளர் முழுக்கோதுமை ரொட்டியையும் காய்கறிகள் சிலவற்றையும் மற்றையோரினும் குறைவாக உண்டிருந்தனர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. லாம்பிடம் இல்லாத ஒப்புமைக் குழு ஈண்டுத் தோன்றிவிட்டமை காண்க.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் இயற்கைக் குறை உண்டு. நோய் வந்தபின் ஒருவரை நோக்கி, 'பத்தாண்டுக்கு முன் என்ன உண்டீர்?' என்று வினவின், நோய்த்துயர் அவர் நினைவை மாற்றிவிடும். நோயால் உணவே மாறியிருக்கவும் கூடும். பிற்காலத்தே நிகழ்ந்த பெருங்குழப்பத்திற்கு இக்குறையே ஒரு காரணமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

5. பர்கிட்டும் நார்ப்பொருளும்

அயர்லாந்தினராகிய டெனிசு பர்கிட்டு இளமையிலேயே ஒரு கண்ணை இழந்தவர். அறுவை மருத்துவராகி உகாண்டா நாட்டின் கம்பாலாவிற் பணியாற்றினார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையிலே தோன்றும் ஒருவகைக் கட்டியை 1958-இல் விளக்கிப் புகழெய்தினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அந்நோய் எவ்வெவ்விடங்களில் உண்டு என்று அறிய 1961-இல் நண்பர் இருவருடன் ஏறத்தாழப் பத்தாயிரம் கல் தொலைவு ஊர்தியிற் சென்று மருத்துவமனைதோறும் வினவினார். நோயை நிலப்படத்தில் வைத்து நோக்கும் இப்பழக்கமே அவரைப் பின்னர் உணவாராய்ச்சிக்கு இட்டுச்சென்றது.

தவிடு நீக்கிய மாவும் சருக்கரையுமே நாகரிக நோய்கள் பலவற்றிற்கு வேர் என்று கிளீவு என்னும் கடற்படை மருத்துவர் எழுதிவந்தார். அக்கருத்தைப் பர்கிட்டு தம் ஆப்பிரிக்க அனுபவத்தோடு பொருத்தினார். ஐரோப்பாவில் மிகுதியாகக் காணப்படும் பெருங்குடற் புற்று, உகாண்டாவின் நாட்டுப்புற மக்களிடம் அரிதாயிருந்தது. அம்மக்கள் உணவிலோ நார்ப்பொருள் மிகுதி. 1971-இல் இத்தொடர்பை அவர் எழுத்திற் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் வாக்கர், பெயின்டர் என்போருடன் சேர்ந்து, நார்ப்பொருள் மிக உண்போர்க்கு மலத்தின் எடை மிகுதி என்றும், உணவு குடலைக் கடக்கும் காலம் குறைவு என்றும் அளந்து காட்டினார். குடலிற் கேடு விளைக்கும் பொருள்கள் நீர்த்துப்போய் விரைந்து வெளியேறுதலின் புற்று குறைகின்றது என்பது அவர் விளக்கம். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து பியூட்டிரிக அமிலம் முதலியவற்றை ஆக்குகின்றன என்பதும், அவ்வமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு நன்மை பயக்கின்றது என்பதும் பின்வந்தோர் சேர்த்த விளக்கங்கள்.

பர்கிட்டின் வாதத்தில் ஒரு பெரும் பிளவும் உண்டு. உகாண்டாச் சிற்றூரும் இலண்டன் நகரும் நார்ப்பொருளில் மட்டுமா வேறுபடுகின்றன? புலால், உழைப்பு, உடற்பருமன், வாழ்நாள், நோயறியும் வசதி ஆகிய அனைத்தும் வேறு. இவற்றுள் எதனைக் காரணமாகக் கொள்வது? இவ்வினாவுக்கு நாடுகளை ஒப்பிடும் முறையால் விடை காண இயலாது.

6. நம்பிக்கையின் உச்சம்

1965-ஆம் ஆண்டின் இறுதியில் சப்பானியராகிய ஹிரயாமா புதியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நாற்பது அகவையும் அதற்கு மேலும் உடைய 2,65,118 பேரிடம் உணவும் பழக்கமும் பற்றி முன்கூட்டியே வினவி எழுதிக்கொண்டு, பின்னர் யார் யார் எந்நோயால் இறந்தனர் என்று ஆண்டுகள் பல தொடர்ந்து கணக்கெடுத்தார். நாள்தோறும் பச்சை மஞ்சள் நிறக் காய்கறிகளை உண்டோரிடம் இரைப்பை, நுரையீரற் புற்றிறப்புக்கள் குறைவாயிருந்தன. நோய் வருமுன்னரே வினவியமையின் நினைவுப் பிழை இங்கே பெரிதும் நீங்கிற்று.

1981-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். அமெரிக்கப் புற்றுநோய் இறப்புக்களின் காரணங்களை ஆராய்ந்த ரிச்சர்டு டால், ரிச்சர்டு பீட்டோ ஆகிய இருவரும் அவற்றுள் ஏறத்தாழ 35 விழுக்காடு உணவொடு தொடர்புடையதாகலாம் என மதிப்பிட்டனர். ஆனால் அம்மதிப்பு 10 முதல் 70 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதையும் உடன் எழுதினர். பிற்காலத்தில் 35 என்ற எண் மட்டும் எங்கும் பரவியது; 10 முதல் 70 வரை என்ற எல்லை மறக்கப்பட்டது. அதே ஆண்டில் இவ்விருவரும் வேறிருவருடன் சேர்ந்து, காய்கறிகளுக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோயைக் குறைக்குமா என ஒரு கட்டுரை எழுதினர். அதன் தலைப்பே வினாவாய் அமைந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1982-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் உணவு, ஊட்டம், புற்றுநோய் பற்றிய அறிக்கையை வெளியிட்டுக் காய்கனிகளை உண்ணுமாறு பரிந்துரைத்தது. 1992-இல் கிளாடிசு பிளாக்கும் அவர் துணைவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். உணவு பற்றிய 156 ஆய்வுகளுள் 128-இல் காய்கனிக்குக் காப்பாற்றல் காணப்பட்டது என்று அவர் எழுதினர். அதே ஆண்டிலே பால் தலாலேயும் அவர் குழுவினரும் பிராக்கோலியிலிருந்து சல்ஃபோராபேன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கோசினத் தாவரங்களின் உயிரணுக்களில் இதன் மூலப்பொருளும் அதனை உடைக்கும் நொதியும் தனித்தனியே உள்ளன. காயை நறுக்கும்போதும் மெல்லும்போதும் அவை கலந்து சல்ஃபோராபேன் பிறக்கின்றது. நெடுநேரம் வேகவைப்பின் நொதி அழிகின்றது. இப்பொருள் நச்சுப் பொருள்களைச் செயலறச் செய்யும் நொதிகளை உடலிலே தூண்டுகின்றது. கேட்டோ போற்றிய இலைக்கு வேதியியற் பொருளுரை கிடைத்தது போன்ற மகிழ்ச்சி அக்காலத்தே நிலவியது.

7. மாத்திரை தந்த பாடம்

காய்கறி உண்போர்க்குப் புற்று குறைவு. காய்கறியிற் பீட்டா கரோட்டின் உள்ளது. ஆகவே பீட்டா கரோட்டினே காக்கின்றது. அதனை மாத்திரையாக்கித் தந்தால் நோய் குறையும். இவ்வாறு அடுக்கிய வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் காலம் வந்தது.

பின்லாந்தில் 50 முதல் 69 அகவை வரையுள்ள புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர், திருவுளச்சீட்டு எடுப்பது போன்ற முறையிற் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சிலர்க்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும், சிலர்க்கு வைட்டமின் ஈயும், சிலர்க்கு இரண்டும், எஞ்சியோர்க்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. யார் எதனை உண்கின்றார் என்பது உண்போர்க்கும் தெரியாது, தருவோர்க்கும் தெரியாது. 1994-இல் முடிபு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டோரிடம் நுரையீரற் புற்று குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்திருந்தது.

இது தற்செயல் என்று கருதியோரும் இருந்தனர். ஆனால் அமெரிக்காவிற் புகைபிடிப்போரும் கல்நார்த் தூசியில் உழைத்தோருமாகிய 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துத் தந்த சோதனை, குறித்த காலத்திற்கு 21 மாதம் முன்னரே 1996 சனவரியில் நிறுத்தப்பட்டது. மாத்திரை உண்டோரிடம் நுரையீரற் புற்று 28 விழுக்காடும் மொத்த இறப்பு 17 விழுக்காடும் மிகுதியாகக் காணப்பட்டமையே காரணம். 22,071 மருத்துவரிடம் பன்னிரண்டு ஆண்டு நிகழ்ந்த பிறிதொரு சோதனையிலோ நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

இவற்றிற்கு மாறாகச் சீனத்து லின்சியன் மாவட்டத்தில், ஊட்டக் குறைவுடைய மக்கள் 29,584 பேரிடம் நிகழ்ந்த சோதனையில், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து உண்டோரிடம் புற்றிறப்பு 13 விழுக்காடு குறைந்தது. அம்முடிபு 1993-இல் வெளியானது. ஒரே பொருள் குறையுள்ளவர்க்கு நன்மையும், நிறைவுடைய புகைப்போர்க்குத் தீமையும் செய்தது. புகையால் நலிந்த நுரையீரலில் மிகுந்த அளவிற் சேர்ந்த கரோட்டின் சிதைந்து தீய விளைவுகளைத் தூண்டியிருக்கலாம் என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின.

வாதம் இடறிய இடம் யாது? காய்கறியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உள. அவற்றுள் அளத்தற்கு எளிதான ஒன்றைக் காரணமாகக் கொண்டனர். மேலும் காய்கறி மிகுதியாக உண்போர் புகைத்தலும் குடித்தலும் குறைந்தோராய் இருத்தல் இயல்பு. காப்பது காயா, அக்காயை உண்போரின் வாழ்க்கை முறையா என்பதைப் பிரித்தறியத் தவறினர். ஒரு பாட்டின் சிறப்புக்கு அதன் எதுகை ஒன்றே காரணம் என்று கொண்டு, எதுகையை மட்டும் அடுக்கிப் பாட்டாக்க முயன்றதனோடு இதனை ஒப்பிடலாம்.

8. சான்றைத் தரம் பிரித்தல்

இப்பாடத்திற்குப் பின் அறிஞர் மீண்டும் முழு உணவை நோக்கினர். சொல்லையும் அளந்து வழங்கத் தலைப்பட்டனர். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சான்றுகளை 'உறுதியானது', 'பெரும்பாலும் பொருந்துவது', 'குறைந்த சான்றுடையது' என்றாற்போலப் படிப்படியாகப் பகுத்தன. 1997-இல் அவை வெளியிட்ட முதல் அறிக்கையில், வாய், உணவுக்குழல், இரைப்பை, நுரையீரல் முதலியவற்றின் புற்றுக்களுக்கு எதிராகக் காய்கறியின் காப்பு 'உறுதியானது' என்ற படியில் இருந்தது. 2007-இல் வந்த இரண்டாம் அறிக்கையிற் காய்கனிகள் அப்படியினின்றும் இறக்கப்பட்டன. பின்னோக்கி வினவிய ஆய்வுகள் மிகைபடக் கூறியதனை, முன்கூட்டி எழுதித் தொடர்ந்த ஆய்வுகள் மெய்ப்பிக்காமையே அதற்குக் காரணம். ஸ்டாக்சு முறையின் இயற்கைக் குறை என்று முன்னர்க் கூறியது இதுவே.

ஐரோப்பிய நாடுகள் பத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைத் தொடர்ந்த பேராய்வு இதனைத் தெளிவாக்கிற்று. 2010-இல் வெளிவந்த அதன் கணக்குப்படி, நாள் ஒன்றுக்குக் காய்கனி 200 கிராம் மிகுதியாக உண்பதனோடு ஒட்டிய புற்றுநோய்க் குறைவு 3 விழுக்காடே. இது பெரியதன்று, இன்மையும் அன்று.

பர்கிட்டின் நார்ப்பொருட் கொள்கையோ பல முறை வீழ்ந்தும் எழுந்தும் வந்தது. 1999-இல் அமெரிக்கச் செவிலியர் 88,757 பேரின் கணக்கில் நார்ப்பொருளால் பயன் தோன்றவில்லை. குடலிற் கட்டி நீக்கப்பெற்ற 2,079 பேரிடம் நிகழ்ந்து 2000-இல் வெளியான சோதனையில், கொழுப்புக் குறைந்து நாரும் காய்கனியும் மிகுந்த உணவினரில் 39.7 விழுக்காட்டினர்க்கும் மற்றையோரில் 39.5 விழுக்காட்டினர்க்கும் கட்டி மீண்டும் தோன்றியது. கொள்கை முடிந்தது என்று எண்ணப்பட்ட நிலையில், 2003-இல் மேற்கூறிய ஐரோப்பியப் பேராய்வு, நார்ப்பொருள் மிக உண்டோரிடம் பெருங்குடற் புற்று 25 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. 2011-இல் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்தோர், நாள் ஒன்றுக்கு நார்ப்பொருள் 10 கிராம் மிகுந்தோறும் அந்நோய் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதாகக் கண்டனர். நான்காண்டுச் சோதனையில் வெளிப்படாதது நெடுங்கால உணவில் வெளிப்படலாம் என்பது இம்முரணுக்கு அறிஞர் கூறும் அமைதிகளுள் ஒன்று. 2018-இல் வெளிவந்த மூன்றாம் அறிக்கை, முழுத்தானியமும் நார்ப்பொருள் உணவும் பெருங்குடற் புற்றின் வாய்ப்பைக் குறைத்தலைப் 'பெரும்பாலும் பொருந்துவது' என்ற படியில் வைத்துள்ளது. ஆகவே இன்றுள்ள நிலையில் தாவர உணவுகளுள் ஓரளவு நிலைத்த சான்று பெற்றவை தவிடு நீக்காத தானியம், பயறு, காய்கறி ஆகிய எளிய உணவுகளே.

9. தமிழ்நாட்டொடு தொடர்பு

தாவரம் எல்லாம் நன்மையே செய்யும் என்பதும் ஒரு மயக்கம். வெற்றிலையும் பாக்கும் தமிழர் மங்கல வாழ்வொடு பிணைந்தவை. இலக்கியத்திலும் இடம் பெற்றவை. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குத் தானும் புற்றுநோய் விளைப்பன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் முடிவு செய்தது. சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் வாய்ப்புற்று நோயாளரிடம் நிகழ்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, காய்கனி மிக உண்டோரிடம் அந்நோய் குறைவு எனக் கண்டது. ஒரே வாயிற் புகும் இரு தாவரப் பொருள்கள் இரு வேறு பயன் தருதலை இவ்விரு முடிபுகளும் காட்டுகின்றன. கீரை உண்கின்றோம் என்ற துணிவில் பாக்கை விடாதிருத்தல் பேதைமையாம்.

மஞ்சளின் கதையும் ஈண்டு உரைக்கத்தக்கது. அதன் நிறப்பொருளாகிய குர்க்குமினை 1815-இல் பிரித்தெடுத்தனர். 1910-இல் அதன் அமைப்பைக் கண்டனர். அது கட்டியின் உயிரணுக்களைத் தடுப்பதாகக் கேரளத்தினர் உட்படப் பலர் ஆய்வுக்கூடத்திற் கண்டு 1985 முதல் எழுதலாயினர். ஆயின் 2017-இல் வேதியியலார் சிலர் இவ்வாய்வுகள் அனைத்தையும் மதிப்பிட்டு, குர்க்குமின் நிலையற்ற பொருள் என்றும், உண்டால் குருதியில் மிகச் சிறிதே சேர்கின்றது என்றும், நூற்றிருபதுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நிகழ்ந்தும் முறையான ஒப்புமைச் சோதனை எதுவும் வெற்றி தரவில்லை என்றும் எழுதினர். குழம்பில் மஞ்சள் இடுதல் நம் சமையல் மரபு. அதற்கு அறிவியற் சான்று வேண்டுவதில்லை. புற்றுநோய்க்கு மஞ்சளை மருந்தாகச் சொல்வதற்கோ சான்று வேண்டும். அது இன்னும் கிட்டவில்லை.

தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து கிடைத்ததே இல்லையோ எனின், கிடைத்துள்ளது. நம் தோட்டங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாசுட்டின், வின்கிரிசுட்டின் என்னும் மருந்துகள் எடுக்கப்பட்டன. வின்கிரிசுட்டின் 1963 முதல் அமெரிக்காவில் வழங்கிவருகின்றது. அவை கடுமையான நச்சுத் தன்மை உடையன; அளந்து, மருத்துவர் கண்காணிப்பிற் குருதியிற் செலுத்தப்படுவன. அச்செடியின் இலையை மென்று தின்றல் மருத்துவம் ஆகாது. பாதாமி விதையிலிருந்து எடுத்த லேட்ரைல் என்னும் பொருளையும் ஒருகாலத்திற் பலர் நம்பினர். 178 நோயாளரிடம் சோதித்து 1982-இல் வெளியிட்ட முடிபில் பயன் சிறிதும் காணப்படவில்லை. சிலர்க்கு அதனாற் சயனைடு நஞ்சு ஏறும் நிலை உண்டாயிற்று.

இவ்விடத்தில் நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருந்தும். நமக்கு நெருங்கிய அம்மையார் ஒருவர்க்கு மார்பிற் சிறு கட்டி தோன்றியது. அறுவை செய்தால் நலம் பெறலாம் என்று மருத்துவர் உரைத்தனர். அம்மையார் ஒரு வார இதழிலிருந்து கத்தரித்து வைத்திருந்த துண்டுத்தாளை நம்மிடம் காட்டினார். அதிற் கீரை ஒன்றின் பெயரும், 'புற்றுநோயைக் கரைக்கும்' என்ற முற்றும் இருந்தன. ஒன்பது திங்கள் அக்கீரையையே உண்டிருந்து, பின்னர் மருத்துவமனைக்குச் சென்றார். அதற்குள் நோய் கல்லீரலை எட்டிவிட்டது. அத்தாள் இன்றும் நம் மேசையில் உள்ளது. அமெரிக்காவில் மாற்று மருத்துவத்தை மட்டுமே கைக்கொண்ட 281 நோயாளரைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, அவர்க்கு இறப்பு வாய்ப்பு மற்றையோரினும் இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. ஒரு துணை வினை உதிர்வதால் விளையும் கேடு இலக்கணப் பிழையளவில் நில்லாது என்று தோற்றுவாயிற் கூறியதன் பொருள் இதுவாம்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தாவர உணவு புற்றுநோயைக் குறைக்கக் கூடும் என்ற கருத்து பழைமையானது. ஆனால் அதன் சான்று புதியது. ஒருவர் கண்டது, இருகுழுவை ஒப்பிட்டது, முன்கூட்டி எழுதித் தொடர்ந்தது, சீட்டு முறையிற் பிரித்துச் சோதித்தது என அது படிப்படியாக வளர்ந்தது. ஒவ்வொரு படியிலும் முந்தைய துணிபு சிறிது தேய்ந்தது. தேய்ந்தபின் எஞ்சியது சிறிதாயினும் உறுதியுடையது. அச்சிறு பயன் முழு உணவுக்கு உரியது. பிரித்தெடுத்த மாத்திரைக்கு உரியதன்று. அது நோய் வருமுன் வாய்ப்பைக் குறைப்பது. வந்த நோயைத் தீர்ப்பது அன்று.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து' உணவையே பெரிதும் பேசுகின்றது. ஆயினும் இன்ன காய் இன்ன நோயைத் தீர்க்கும் என அதில் ஒரு குறளும் இல்லை. முன் உண்டது அற்றதறிந்து உண்டலும், அளவறிந்து உண்டலும், நோயும் அதன் முதலும் ஆராய்ந்து செயற்படுதலுமே ஆண்டுக் கூறப்படுகின்றன. அதனை இன்றைய அறிவியலின் முன்னறிவிப்பாகக் காட்ட நாம் விரும்பவில்லை. சொல்லக்கூடியதன் எல்லையில் நின்று சொன்ன நிதானத்தையே சுட்டுகின்றோம்.

மருத்துவச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் நம் முதுகலை மாணவர் பலர் இந்நாளில் ஈடுபட்டு வருகின்றனர். 'தடுக்கும்', 'குறைக்கும்', 'குறைக்கக் கூடும்', 'குறைவொடு தொடர்புடையது' என்னும் நான்கும் நான்கு வேறு சான்றுநிலைகள். மூலத்தில் எது உளதோ அதனையே பெயர்த்தல் வேண்டும். கட்டுரை நீளும் என்றோ தலைப்புச் சுவை குன்றும் என்றோ துணை வினையை நீக்குதல் தகாது. 'செய்யும்' என்னும் முற்றைத் தீச் சுடுவது போன்ற இயற்கைகளுக்கென்றே நம் முன்னோர் வகுத்து வைத்தனர். அதனை அவற்றிற்கே உரியதாகக் காத்தல் நம் கடன்.